குடல் புண்ணும் வயிற்றுப் பையும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த இடத்தில் நின்று சம்பளம், போனஸ், மழை நாள் வேலை என்று பேசுவோம். இன்று தலைவரிடம் அனுமதி பெற்று வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். அது வயிற்றையும் மலத்தையும் பற்றிய பேச்சு. முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக் கொள்ளலாம். எழுந்து மட்டும் போய்விட வேண்டாம்.

அடுத்த மாதம் நமக்கு ரண சிகிச்சை நடக்க இருக்கிறது. பெருங்குடலை எடுத்துவிடப் போகிறார்கள். வயிற்றின் வலப்பக்கத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, ஒரு துவாரம் செய்து, சிறுகுடலின் நுனியை அதன் வழியே வெளியே கொண்டுவந்து தோலோடு தைப்பார்கள். அன்று முதல் மலம் அந்த வழியாக ஒரு பையில் வந்து சேரும். மேடையில் ‘நாம்’ என்று பேசியே பழகிவிட்டது. இன்று அந்த ‘நாம்’ உங்கள் முன் நிற்கும் ஒற்றைக் கிராணியைக் குறிக்கிறது. பொறுத்துக் கொள்ளுங்கள்.

இதை ஏன் கூட்டத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்? லயத்தில் ஏற்கனவே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. கிராணிக்குப் புற்றுநோய் என்கிறார் ஒருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். சம்சு குடித்துக் குடல் வெந்துவிட்டது என்று கூட ஒரு பேச்சு. நாம் சம்சுவைத் தொட்டதே இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வீட்டுக் குவளையில் தண்ணீர் குடிக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் காதில் விழுந்தது. செக்ரோலில் தவறான கணக்கு விழுந்தால் திருத்துவது கிராணியின் வேலை. இதையும் நாமே திருத்திவிடுவது நல்லது என்று தோன்றியது.

நோயின் பெயர் பெருங்குடல் அழற்சிப் புண். பெருங்குடல் சுமார் ஐந்து அடி நீளமுள்ள குழாய். நாம் உண்பதில் மிச்சமாக வரும் கூழிலிருந்து தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிக் கொள்வது அதன் முக்கிய வேலை. இந்த நோயில் அதன் உள்தோல் ஆசனவாய்ப் பக்கமிருந்து தொடங்கி மேல்நோக்கிப் புண்ணாகிக் கொண்டே போகிறது. இரத்தமும் சளியும் கலந்து, ஒரு நாளைக்குப் பத்து முறை, பதினைந்து முறை போகும். இரவிலும் விடாது. லண்டனில் சாமுவேல் வில்க்ஸ் என்ற மருத்துவர் 1859-ல் இதைப் பற்றி எழுதினார். இதற்கு ஒரு பங்காளி நோயும் உண்டு. 1932-ல் நியூயார்க்கில் குரோன் என்பவரும் அவருடைய இரண்டு சகாக்களும் அதை விவரித்து எழுதியதால் குரோன் நோய் என்று பெயர் பெற்றது. அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும்; குடலின் சுவரை ஆழமாகத் துளைக்கும்.

இது தொற்று நோயல்ல. குவளையாலும் வராது, கக்கூஸாலும் வராது, ஒரே பாயில் படுப்பதாலும் வராது. மிளகாய் தின்றதால் வந்ததல்ல. முன்வினையாலும் வந்ததல்ல. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படை, எதிரி யாரென்று தெரியாமல் தன் குடலையே தாக்குகிறது. பிறவியில் வந்த கூறு கொஞ்சம், வாழும் சூழல் கொஞ்சம், குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் மாற்றம் கொஞ்சம் என்று எல்லாம் சேர்ந்து இந்தக் கலகத்தை மூட்டுகின்றன.

நம்மவர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் 2011 முதல் 2013 வரை இந்த இரு நோய்களையும் கணக்கெடுத்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 100,000 பேரில் புதிதாக நோய் கண்டவர்கள் மலாய்க்காரரில் 0.35, சீனரில் 0.63, இந்தியரில் 1.91. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே ஆஸ்பத்திரி. ஆனாலும் நம் இனத்தாரிடம் சீனரைப் போல் மூன்று மடங்கு. இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்த இந்தியரிடமும் இந்தப் புண் நோய் அதிகம் என்று அங்குள்ள மருத்துவர்கள் முன்னரே கண்டிருக்கிறார்கள். அதற்காக வயிறு போனவரெல்லாம் கலங்க வேண்டியதில்லை. இலட்சத்தில் இரண்டு பேர் கூட இல்லை என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது. ஆனால் வாரக் கணக்கில் இரத்தம் போகிறவர், ‘சூடு, மூலச்சூடு’ என்று சொல்லிக்கொண்டு வெந்தயம் விழுங்கிக் காலம் கடத்தக் கூடாது.

நமக்கு நோய் கண்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் பார்த்த ஒரு கிளினிக்கில் சீதபேதி என்றார்கள். அடுத்த இடத்தில் மூலம் என்றார்கள். எந்தக் கிளினிக் என்பது இங்கே வேண்டாம். இந்த நாட்டில் அமீபாச் சீதபேதியும் உண்டு, குடல் காசநோயும் உண்டு. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். குழாய் விட்டுக் குடலை உள்ளே பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் வேறுபாடு தெரியும். அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். ஏனென்றால் குடல் புண்ணுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை அமீபாவோ காசமோ உள்ளவருக்குக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு ஐந்து வெள்ளிதான். வரிசை நீளம், உண்மை. ஆனால் அந்த வரிசையில் நின்ற பிறகுதான் நமக்கு நோயின் பெயர் தெரிந்தது.

அந்த ஏழு ஆண்டுகளும் எப்படிப் போயின என்பதைப் பெரட்டுக்கு வருகிற உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. நாம் பாதிக் கணக்கில் பேனாவை வைத்துவிட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறீர்கள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலில் போகிறவர்கள் பத்திரிகை படிப்பார்கள், தூங்குவார்கள். நாம் கக்கூஸ்களை எண்ணுவோம். ஷா ஆலாமில் எங்கே, சுபாங் ஜெயாவில் எந்தப் பக்கம், கே.எல். சென்ட்ரலில் எந்த மாடி, எதற்கு இருபது காசு வேண்டும், எதில் தாழ்ப்பாள் இல்லை, எல்லாம் மனப்பாடம். அவசரம் வந்தால் பாதி வழியில் இறங்கி, அடுத்த ரயிலைப் பிடிப்போம். ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடும்போது நாம் இருக்க மாட்டோம் என்பதால், முதல் நாளே பிரிக்பீல்ட்ஸில் அக்காள் வீட்டில் போய்த் தங்கிவிடும் வழக்கமும் வந்தது.

மருந்துகளுக்குக் குறைவில்லை. சல்பசலசைன் என்ற பழைய மாத்திரையை சுவீடனில் நானா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் கண்டுபிடித்தார். மூட்டு வாதத்துக்காகச் செய்யப்பட்ட மருந்து, குடல் புண்ணுக்கும் உதவியது. அதன் வழியில் வந்த மெசலசைன் இன்றும் முதல் மருந்து. அடுத்தது ஸ்டீராய்டு. 1955-ல் ஆக்ஸ்போர்டில் டுரூலவ், விட்ஸ் என்ற இருவர், இதைக் கொடுத்தால் சாவு குறைகிறது என்று முறைப்படி சோதித்துக் காட்டினார்கள். அதே ஆய்வில் அவர்கள் வகுத்த அடையாளத்தைத்தான் இன்றும் டாக்டர்கள் பார்க்கிறார்கள்: நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போவது, கூடவே காய்ச்சல், நாடி 90-க்கு மேல் ஓடுவது, இரத்தசோகை. இவை சேர்ந்தால் நோய் கடுமை. வீட்டில் இருக்கக் கூடாது, வார்டில் படுக்க வேண்டும். நம் டிரசரிடமும் இதை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஸ்டீராய்டு முகத்தை ஊதிப் பெரிதாக்கும். எடை 68 கிலோவிலிருந்து 49-க்கு இறங்கிக் கிடந்த அந்த மாதத்தில்தான், ‘கிராணி முகம் பூரித்துவிட்டது, உடம்பு தேறிவிட்டது’ என்று லயத்துப் பெண்கள் மகிழ்ந்தார்கள். அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாத்திரையை வாரக் கணக்கில் தின்றவர், ‘சுகமாகிவிட்டது’ என்று திடீரென நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துபோயிருக்கும். டாக்டர் சொன்னபடி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். அதற்கும் அப்பால் உடம்பின் காவற்படையை அடக்கும் அசதையோபிரின், ஊசி வழி ஏற்றும் இன்பிளிக்சிமாப் போன்றவை உண்டு. பலருக்கு அவை குடலைக் காப்பாற்றித் தருகின்றன. நமக்கு ஓராண்டு கேட்டது, பிறகு கேட்கவில்லை.

மருந்து கேட்காதபோது கத்தி. வேறு சந்தர்ப்பங்களும் உண்டு: குடல் பலூன் போல உப்பி வெடிக்கும் நிலை, நிற்காத இரத்தப்போக்கு, பல ஆண்டுப் புண்ணில் புற்று தலைகாட்டுவது. வெடித்த பின் நடுநிசியில் அவசரமாக அறுப்பதும், உடம்பைத் தேற்றிக்கொண்டு குறித்த நாளில் அறுப்பதும் ஒன்றல்ல. டாக்டர் நம்மிடம் இரண்டையும் வைத்துப் பேசினார். நாம் குறித்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். குரோன் நோயில் ஒரு பகுதியை எடுத்தாலும் இன்னொரு பகுதியில் மீண்டும் வரலாம். பெருங்குடல் புண்ணில் அப்படியல்ல. பெருங்குடல் முழுவதும் போனால் புண் வர இடமில்லை. மரத்தில் பட்டை நோய் கண்டால் மருந்து பூசிப் பார்ப்போம், வெட்டை நிறுத்திப் பார்ப்போம்; கேட்காத மரத்தை என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும்.

பயமில்லை என்று சொல்ல மாட்டோம். பல இரவுகள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறோம். கத்திக்கு அவ்வளவு பயமில்லை, மயக்கம் கொடுத்துவிடுவார்கள். பிறகு சட்டையைக் கழற்றிக் குளிக்கும்போது, சின்ன மகள் எதையாவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது, கலியாண வீட்டுப் பந்தியில் பை கசிந்தால் எங்கே எழுந்து ஓடுவது என்பவைதான் தூக்கத்தைக் கெடுத்தன. வீட்டில் அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “உசுரோட வந்து சேருங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

இனி அந்தத் துவாரத்தைப் பற்றி. ஆங்கிலத்தில் ஸ்டோமா என்கிறார்கள். கிரேக்க மொழியில் வாய் என்று பொருள். பார்ப்பதற்கு உதட்டின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, குடலின் அந்தத் தோலில் வலி அறியும் நரம்பு இல்லை. சுருக்கி மூடும் தசையும் இல்லை; ஆகவே அடக்க முடியாது, வரும்போது வரும். அதற்காகத்தான் பை.

அந்தப் பை வந்த கதை பால்மரம் வெட்டும் நமக்குச் சொந்தக் கதை போலவே இருக்கிறது. முன்காலத்தில் இப்படி அறுக்கப்பட்டவர்கள் துணியையும் பஞ்சையும் கட்டிக்கொண்டு, தோல் வெந்து, மனிதர் பக்கம் வராமல் ஒதுங்கிக் கிடந்தார்கள். சிறுகுடலிலிருந்து வரும் கூழில் உணவைச் செரிக்கும் நீர் இருக்கிறது. அது மேல்தோலையும் செரிக்கப் பார்க்கும். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் ஸ்ட்ராஸ் என்ற ரண வைத்தியரிடம் அறுவை செய்துகொண்டவர் கோனிக் என்ற இரசாயன மாணவர். அவர் தன் தொல்லைக்குத் தானே வழி தேடினார். இரப்பரால் ஒரு பை செய்து, இரப்பர்ப் பால் கலந்த பசையால் அதை வயிற்றில் ஒட்டிக்கொண்டார். 1940-களில் அந்தப் பை மற்ற நோயாளிகளுக்கும் பரவியது. நம் கையில் மங்கு மங்காக வடிந்து போகும் பால், டயராகவும் செருப்பாகவும் மட்டும் ஆகவில்லை. வெட்கப்பட்டு மூலையில் கிடந்த மனிதர்களை எழுப்பி வேலைக்கு அனுப்பவும் பயன்பட்டிருக்கிறது.

இன்னொரு மரமும் உதவியது. கிளீவ்லாந்து மருத்துவமனையின் ரூபர்ட் டர்ன்புல் என்ற ரண வைத்தியர், 1952-ல் கராயா என்ற பிசின் ஈரத் தோலில் நன்றாக ஒட்டி அதைக் காப்பாற்றுகிறது என்று கண்டுகொண்டார். பொய்ப்பல் ஒட்டுவதற்குப் பயன்பட்டு வந்த பொருள் அது. எங்கிருந்து கிடைக்கிறது? இந்தியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பட்டையைச் செதுக்கி, வடிந்து இறுகுவதைச் சேர்க்கிறார்கள். அங்கேயும் யாரோ நம்மைப் போல ஒருவர் மரத்தருகே கத்தியோடு நின்றிருக்கிறார். அதே 1952-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தின் பிரையன் புருக் இன்னொரு வழி சொன்னார். வெளியே கொண்டுவந்த குடல் நுனியை, சட்டைக் கையை மடித்து விடுவது போல வெளிப்புறமாகப் புரட்டித் தைத்தார். ஓர் அங்குலம் அளவுக்கு மூக்குப் போல நிற்கும். கூழ் தோலில் படாமல் நேராகப் பைக்குள் விழும். பால் மங்கில் விழத் தகரக் குழாய் அடிக்கிறோமே, அந்த யோசனைதான். நமக்கும் அந்த மாதிரிதான் செய்யப் போகிறார்கள்.

பிளாஸ்டிக் பை டென்மார்க்கில் பிறந்தது. எலிசே சோரென்சன் என்ற தாதி, அறுவைக்குப் பின் வெளியே போக மறுத்த தன் தங்கைக்காக, ஒட்டிக்கொள்ளவும் கழற்றி எறியவும் கூடிய பையை 1954-ல் யோசித்தார். பிளாஸ்டிக் செய்யும் ஒரு முதலாளி முதலில் தயங்கினார். அவர் மனைவியும் தாதியாக இருந்ததால் அதன் அருமை அவருக்குத் தெரிந்து, கணவரை ஒப்புக்கொள்ள வைத்தார். டர்ன்புல்லிடம் அதே 1954-ல் அறுவை செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியோ, தான் பிழைத்த பிறகு மற்ற நோயாளிகளுக்குப் பை கட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். 1958-ல் கிளீவ்லாந்திலேயே அவருக்கு அந்த வேலை கொடுத்தார்கள். அவர் மருத்துவரும் அல்ல, தாதியும் அல்ல, நோயாளி. இன்று ஸ்டோமா தாதிகள் என்று தனிப் பயிற்சி பெற்றவர்கள் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறார்கள் என்றால், அந்தத் தொழிலின் தாய் அந்த அம்மையார்தான். பெரிய டாக்டர்களைக் காட்டிலும் இந்தப் பெண்கள் மூவர்மீது நமக்கு மதிப்பு அதிகம்.

நம்மைக் கவனித்துக்கொள்ளும் தாதி அறுவைக்கு முன்பே வயிற்றில் பேனாவால் அடையாளம் போட்டார். நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார். கால்சட்டை வார் எங்கே வரும், வீட்டில் சாரோங் எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டார். தோல் மடியும் இடத்திலோ வார் அழுத்தும் இடத்திலோ துவாரம் வந்தால் பை ஒட்டாது. பால் வெட்டும் தொழிலாளிக்கு இந்த நிலை வந்தால், உளியோடு குனிந்து மரத்தைச் சுற்றும் விதத்தையும், வாளியை எந்த இடுப்பில் இடித்துத் தூக்குகிறோம் என்பதையும் அந்தத் தாதியிடம் செய்துகாட்ட வேண்டும். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தால் பிறகு படுவது நாம்தான்.

பையை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கக்கூஸில் காலி செய்ய வேண்டும். நாளைக்கு ஐந்தாறு முறை. பதினைந்து முறை ஓடியவருக்கு இது ஓய்வு போலத்தான். தோலில் ஒட்டும் தகட்டை மூன்று நான்கு நாளைக்கொரு முறை மாற்றுவது. வெயிலில் வியர்த்தால் சீக்கிரம் மாற்ற வேண்டி வரும். குளிக்கலாம். நாற்றம் வீசுமே என்று ஒரு தோழர் மெல்லக் கேட்டார். இக்காலப் பை வாடையை வெளியே விடாத பிளாஸ்டிக்கால் ஆனது. காற்றுப் போகும் இடத்தில் கரி வைத்திருக்கிறார்கள். ஒட்டுப்பால் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பசியாறுகிறவர்கள் இதைக் கேட்பதுதான் வேடிக்கை.

கோயிலுக்குப் போகலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். சாமி கும்பிட வருகிற எல்லார் வயிற்றிலும் இருப்பது இதுவேதான். நம்முடையது சற்று முன்னால் தெரிகிறது, அவ்வளவே. உடம்பு ஒத்துழைத்தால் அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளையும் ஏறுவதாக எண்ணம். கல்யாணமாகாத பெண்கள் அறிய வேண்டியது: இந்தப் பையோடு மணம் செய்து, கருத்தரித்து, பிள்ளை பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும் குடல் போய்விட்டதால் நாளைக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை கூழ் வெளியேறும். வயிறு கெட்டால் இன்னும் கூடும். வெயிலில் வேலை செய்கிறவர் வெகு சீக்கிரம் காய்ந்துபோவார். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் உப்பு ஈடாகாது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சமதேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து குடிக்க வேண்டும். உப்புப் போட்ட கஞ்சி மிக நல்லது. நம் பாட்டிமார் கையில் இருந்த மருந்து அது. சோறும் வாழைப்பழமும் கூழைக் கெட்டியாக்கும். தேங்காய்த் துண்டு, சோளம், காளான், கச்சான் இவை மெல்லாமல் போனால் அடைத்துக்கொள்ளும். முருங்கைக்காயைச் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்புகிற நம் பழக்கத்தை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பல மணி நேரம் பையில் ஒன்றும் விழாமல் வயிறு முறுக்கி வாந்தி வந்தாலோ, சிவப்பாக இருந்த வாய் கறுத்தாலோ, டிரசரையும் தேட வேண்டாம். நேரே கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட வேண்டும். பக்கத்து வீட்டார் இதைத் தெரிந்து வைத்திருந்தால் நமக்கு உதவி.

இந்தப் பை நிரந்தரமா என்று கேட்கிறார்கள். 1978-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கல்ஸ் இருவரும், சிறுகுடலை மடித்து உள்ளேயே ஒரு பை தைத்து, ஆசனவாயோடு இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். நம் டாக்டர் முதலில் பெருங்குடலை எடுத்து உடம்பைத் தேற்றுகிறார். சில மாதம் கழித்து அதைப் பார்க்கலாம் என்கிறார். அது கூடினால் துவாரத்தை மூடுவார்கள். கூடாவிட்டால் இந்தப் பையோடு நாட்கள் போகும். இரண்டுக்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறோம்.

பெரிய இடத்தாருக்கும் இந்த நோய் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு 1956 ஜூனில் குரோன் நோயால் குடல் அடைத்து, வால்டர் ரீட் ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள், பை வைக்கவில்லை. அதே நவம்பரில் தேர்தலில் மீண்டும் ஜெயித்தார். ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ ஆபே நமக்கிருக்கும் அதே புண் நோயால் அவதிப்பட்டவர். 2020-ல் அது மீண்டும் முற்றியதைச் சொல்லித்தான் பதவி விலகினார். உலகமே அவர் குடலைப் பற்றிப் பேசியது, அவர் மறைக்கவில்லை. பிரதமர் சொல்லலாம், ஆனால் பதினாறாம் நிரையில் மரம் வெட்டும் ஒரு பெண் மண்டோரிடம் இதைச் சொல்ல முடியுமா? அங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது.

கிராணி என்பதால் நமக்கு ஆபீசுக்குப் பின்னால் கக்கூஸ் இருந்தது. காட்டுக்குள் நிற்கும் தாய்மார்களுக்கு என்ன இருக்கிறது? கடும் வயிற்றுப்போக்கோ மாதவிலக்குத் தொல்லையோ உள்ள பெண், நிரையை விட்டு லயம் வரை ஓடிவந்து போனால், மரம் குறைகிறது, பால் குறைகிறது, சம்பளம் குறைகிறது. பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் தண்ணீரோடு ஒரு கக்கூஸ் வேண்டும் என்ற கோரிக்கையை, அடுத்த பேச்சுவார்த்தையில் முதல் பக்கத்தில் வைக்கும்படி செயலவையைக் கேட்டுக்கொள்கிறோம். நமக்காக அல்ல, நாம் ஆபீசில்தான் உட்காரப் போகிறோம்.

சட்டத்தில் உள்ளதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவின்படி, சம்பளத்தோடு நோய் விடுப்பு இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரிப் படுக்கை தேவைப்பட்டால் 60 நாள். 2023 ஜனவரி முதல் அந்த 60 நாள் தனிக் கணக்கு. சாதாரண நோய் விடுப்பை அதில் கழிக்கக் கூடாது. சில நிர்வாகத்தில் இன்னும் பழைய கணக்கையே போடுகிறார்கள். டாக்டர் சீட்டைத் தொலைக்காதீர்கள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். வேலையே செய்ய இயலாத நிலை வந்தால் சொக்சோவில் செயலிழப்பு ஓய்வூதியம் உண்டு. வேலையில் பட்ட காயம்தான் வேண்டும் என்பதில்லை. எந்த நோயானாலும் சரி. 60 வயதுக்குள் மனுச் செய்ய வேண்டும். கடைசி 40 மாதத்தில் 24 மாதச் சந்தா கட்டியிருந்தால் முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி. ‘பை கட்டிய ஆளை வைத்து என்ன செய்வது’ என்று யாரையாவது வீட்டுக்கு அனுப்பினால், 1967-ம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் 20-ம் பிரிவு இருக்கிறது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அறுபத்தோராம் நாள் சங்க ஆபீசுக்கு வந்து அழுதால் ஒன்றும் நடக்காது.

அறுவையான முதல் மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. தூக்கினால் துவாரத்தின் பக்கம் குடல் பிதுங்கும். ஆகவே சரக்கு ஏற்றும் நாளில் கிராணி கை கட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று கோபப்பட வேண்டாம். வசூல் போட்டுக் கொடுக்கலாம் என்று சில தோழர்கள் பேசியதாக அறிந்தோம். நன்றி. வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பைகள் தீர்ந்தபின் நாம்தான் வாங்க வேண்டி வரும். மாதா மாதம் வரும் செலவு அது, ஒரு நாள் வசூலில் தீராது. தோட்ட நிர்வாகம் வைத்தியச் செலவாக அதை ஏற்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் செயலாளர் அறிவிப்பார், ஏனென்றால் அது நாளைக்கு உங்களில் ஒருவருக்கும் பயன்படும்.

வெள்ளிக்கிழமையோடு விடுப்பில் போகிறோம். செக்ரோலை இரண்டாவது கிராணி பார்ப்பார். சந்தா ரசீதுப் புத்தகமும் பெட்டிச் சாவியும் துணைச் செயலாளரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இரண்டு வாரம் பிரிக்பீல்ட்ஸில் அக்காள் வீட்டில் இருப்போம்; பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம், பலகாரம் கொண்டுவர வேண்டாம். தாதி கொடுத்த மாதிரிப் பை ஒன்று இதோ மேசைமேல் இருக்கிறது. கையில் எடுத்துப் பாருங்கள், பயன்படுத்தாததுதான். தாய்மார்கள் நம்மிடம் கேட்கக் கூச்சப்பட்டால், கடைசி வரிசையில் நம் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கேட்கலாம். மற்றவர்கள் கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள்.